“எத்தனை தரம் எழுதிக் குடுக்கிறது?” – புதிய முறைகளும் எங்கள் தயக்கமும்

கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில் ஒன்பது வருடங்கள் கொமினிகேசன் கடை வைத்திருந்தேன். ரீலோட், போட்டோக்கொப்பி, லமினேட்டிங் என்று தொடங்கிய கடை. பிறகு கரண்ட் பில் கட்டுவது, பரீட்சைப் பெறுபேறு பார்த்துச் சொல்வது, விண்ணப்பம் நிரப்புவது என்று வளர்ந்தது. கடைசியில் அது எங்கள் பகுதிச் சனத்துக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரு மேசையாகவே மாறிவிட்டது.

அந்த மேசைக்கு முன்னால் அடிக்கடி வந்து இருந்தவர்களில் ஒரு அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். கனடாவில் இருக்கும் மகளோடு தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்பவர். கமராவைத் திருப்பிப் பின்வளவில் காய்த்திருக்கும் முருங்கையைக் காட்டுவார். குரல் பதிவு அனுப்புவார். பேரப்பிள்ளையின் படம் அழிந்துபோகாமல் எப்படி வைத்திருப்பது என்று என்னிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. அதே அம்மாவிடம் வங்கி அட்டை எடுங்கோ, வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று சொன்னால், “எனக்கு வேண்டாம் தம்பி” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஏதாவது புதிய பதிவு என்றால் கதிரையை விட்டே எழும்பிவிடுவார்.

இதை நான் பல வருடங்கள் படிப்பறிவுக் குறைவு என்றும் வயது என்றும்தான் நினைத்திருந்தேன். கருத்தரங்குகளுக்கு வரும் அதிகாரிகளும் தொண்டு நிறுவனத்தினரும் அப்படித்தான் சொல்வார்கள்: “மக்களுக்கு விழிப்புணர்வு போதாது.” ஆனால், வட்ஸ்அப்பை விட வங்கி அட்டை கடினமானது அல்லவே. நான்கு இலக்கம் ஞாபகம் இருந்தால் போதும்.

மனிதர்கள் ஒரு புதிய பொருளை, புதிய முறையை ஏன் ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பது பற்றி உலகத்தில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 1943 இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரயன், குரொஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கலப்பின சோள விதை எப்படிப் பரவியது என்று எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த 259 விவசாயிகளில் இரண்டு பேரைத் தவிர அனைவரும் 1941 ஆம் ஆண்டளவில் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால், அதற்குப் பத்து வருடங்களுக்கு மேல் எடுத்தது. விதை நல்லது என்று முதலில் சொன்னவர் விற்பனையாளர்தான். விதைக்க வைத்தவரோ பக்கத்துக் காணிக்காரர். முதல் வருடம் யாரும் முழுக் காணியிலும் போடவில்லை, ஒரு மூலையில் போட்டுப் பார்த்தார்கள்.

இப்படியான ஆய்வுகளைத் தொகுத்து 1962 இல் எவரெட் ரொஜர்ஸ் எழுதிய நூல் இன்றும் இந்தத் துறையின் அடிப்படை. புதியது பழையதை விட உண்மையில் நன்மையா, எங்கள் வாழ்க்கைக்கும் நம்பிக்கைக்கும் ஒத்துவருகிறதா, விளங்கக்கூடியதா, கொஞ்சமாகப் பரீட்சித்துப் பார்க்க முடிகிறதா, மற்றவருக்குக் கிடைத்த பலன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று சனம் பார்க்கும் என்கிறார் அவர். அவர் சொல்லும் ஒரு கதை எனக்குப் பிடிக்கும். பெருவில் லொஸ் மொலினோஸ் என்ற கிராமத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி இரண்டு வருடம் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார்கள். 200 குடும்பங்களில் 11 குடும்பம்தான் மாறியது. அங்கு பொருட்களைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்துப் பார்ப்பார்கள். கொதித்த தண்ணீர் நோயாளிக்குரியது, சுகமாக இருப்பவர் ஏன் குடிக்கவேண்டும் என்பது அவர்களின் கணக்கு. பப்பாசி சூடு, வெள்ளரி குளிர்ச்சி என்று சொல்லும் எங்களுக்கு இதைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லை.

பிறகு கணினி வந்தது. 1989 இல் பிரெட் டேவிஸ் என்பவர் கேள்வியை இரண்டாகச் சுருக்கினார்: இது எனக்குப் பயன்படுமா? இதைப் பாவிப்பது இலகுவா? 2003 இல் வெங்கடேஷும் மற்றவர்களும் இதோடு சுற்றியிருப்பவர்களின் செல்வாக்கையும், பாவிப்பதற்கு வேண்டிய வசதி உண்டா என்பதையும் சேர்த்தார்கள். எல்லாம் சரிதான். என் மேசைக்கு முன்னால் நடந்ததில் பெரும்பகுதியை இவற்றால் விளக்கலாம். ஆனால், முழுவதையும் அல்ல.

எங்கள் சனம் புதியதை வெறுக்கும் சனம் என்பது பொய். துலா மிதித்து இறைத்த யாழ்ப்பாணத் தோட்டக்காரர் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மாறியதற்கு எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் காரணம் இல்லை. ஒருவர் வாங்கினார், வேலிக்கு அங்கால் இருந்தவர் பார்த்தார். எழுபதுகளில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தபோது அந்தத் தோட்டங்கள்தான் பல கல்வீடுகளை எழுப்பின.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. பற்றரி வரத் தடை, எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து விளக்குச் செய்தோம். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம். இவற்றை யார் கண்டுபிடித்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. ஆனால், சில மாதங்களுக்குள் குடாநாடு முழுவதும் பரவிவிட்டன. தேவை இருந்தது, பக்கத்து வீட்டில் பார்த்துப் பழகலாம், பிழைத்தால் பெரிய நட்டம் இல்லை, யாரிடமும் பெயர் கொடுக்கவும் தேவையில்லை.

அண்மைக்கால உதாரணம் எரிபொருள் கியூ.ஆர். 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் அறிமுகமானபோது என் கடைக்கு முன்னால் வரிசை வந்தது. இரண்டு மூன்று நாள் எரிபொருள் நிலையத்தில் படுத்துக் கிடந்தவர்கள், அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் கொடுத்துப் பதிந்துகொண்டு, ஒரு கடதாசித் துண்டோடு போனார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்கு அச்சடித்துக் கொடுத்தேன். லமினேட் செய்து சாவிக்கொத்தில் தொங்கவிட்ட பெரியவரும் உண்டு. பெயர் மாற்றாமல் கைமாறிய வாகனம் வைத்திருந்தவர்கள் அலைந்தார்கள். அது தவிர எதிர்ப்பு ஒன்றையும் நான் காணவில்லை. ரொஜர்ஸ் சொன்ன எல்லாமே அதில் இருந்தது. வரிசை குறைந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். வேறு வழியும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டபோது, “அது நல்ல முறைதானே, ஏன் நிப்பாட்டினவங்கள்?” என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

அதற்கு முந்திய வருடம் நடந்ததோ நேர்மாறு. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நாடு முழுவதையும் ஒரே போகத்தில் சேதன விவசாயத்துக்கு மாறச் சொன்னார்கள். அயோவா விவசாயி மூலையில் போட்டுப் பார்த்தார், எங்கள் விவசாயிக்கு மூலை கொடுக்கப்படவில்லை. இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் என் மாமா சேதனப் பசளைக்கு எதிரானவர் அல்ல, வீட்டுத் தோட்டத்துக்கு மாட்டெருதான் போடுவார். “ஒரு ஏக்கரில செய் எண்டு சொல்லியிருந்தா செய்து பாத்திருப்பன். எல்லாத்தையும் எண்டால் நான் எதைத் தின்னுறது?” என்றார். அந்த வருடம் நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். விளைச்சல் அதற்குள் விழுந்துவிட்டது.

உண்டியலையும் இங்கே சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து காசு வருவதற்கு வங்கி இருக்கிறது, கைத்தொலைபேசிச் செயலிகள் இருக்கின்றன. ஆனாலும், ரொறன்ரோவில் ஒருவரிடம் கொடுத்தால் இங்கே ஒருவர் கொண்டுவந்து தரும் முறையை இன்னும் பலர் விடவில்லை. நாணயமாற்று வீதம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், படிவம் இல்லை என்பது. “ஏன் வருது, ஆர் அனுப்பினது” என்று யாரும் கேட்கமாட்டார்கள். சட்டப்படி அது சரியில்லை, ஏமாந்தால் முறையிட இடமும் இல்லை. ஆனாலும், சனம் ஆபத்தை நிறுக்கும்போது வங்கியின் கேள்விதான் பாரமாகத் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் வெளிநாட்டு ஆய்வுகள் எனக்குப் போதாமல் போகின்றன. சோள விதையை வாங்கிய விவசாயியின் பெயர் ஒரு பட்டியலில் ஏறவில்லை. எங்களுக்கு வரும் புதிய முறைகள் அனேகமாக எல்லாமே ஒரு பதிவோடுதான் தொடங்குகின்றன. பதிவு என்ற சொல் எங்கள் காதில் விழும்போது வேறொன்றும் சேர்ந்து விழுகிறது.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது என்பது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. வாக்குப் போடுவதற்கு என்று கொடுத்த பெயர், வீட்டு இலக்கத்தைக் காட்டிக் கொடுத்தது. பிறகு வந்த வருடங்களில் யாரிடம் எந்தப் பத்திரம் இருக்கவேண்டும் என்பதைத் துவக்கு வைத்திருந்தவர்கள் தீர்மானித்தார்கள். இரண்டு பக்கத்தாரும்தான். வன்னியைவிட்டு வெளியே போகப் புலிகளின் பாஸ் வேண்டும், கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு வேண்டும். 2009 இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டபோது, சாப்பாடு, கூடாரம், தறப்பாள் எல்லாமே பதிவின் பின்னால்தான் வந்தன. அதே பதிவில்தான் பெயர் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். மெனிக்பாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இடையில், 2011 தொடக்கத்தில், யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இராணுவம் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிவுசெய்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போன பிறகுதான் அந்தப் பதிவை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், நான் ஒரு பிழை விட்டேன்.

2023 இல் சமுர்த்திக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது அந்த அம்மாவின் விபரங்களை நிரப்பிக் கொடுக்க இருந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு கேள்வி. “ரெண்டு” என்றார். அவர் தனியாக இருப்பது ஊருக்கே தெரியும். யார் மற்றவர் என்று நான் கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். “அம்மா, இப்ப வீட்டில இருக்கிற ஆக்களைத்தான் போடவேணும்” என்று சொல்லி, ஒன்று என்று எழுதினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எத்தனை தரம் எழுதிக் குடுக்கிறது தம்பி? நல்லிணக்க ஆணைக்குழு வந்தது, எழுதிக் குடுத்தன். பரணகம வந்தது, எழுதிக் குடுத்தன். எல்லாத்திலயும் அவன்ர பேர் இருந்தது. இண்டைக்கு நீ ஒரு கோட்டில அவனை வெட்டிப்போட்டாய்.”

கையொப்பம் வைக்காமல் போய்விட்டார். இளைய மகன் 2009 மே மாதம் வட்டுவாகலில் பேரூந்தில் ஏறியதைக் கண்டதுதான் கடைசி.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் காணாமல் போனோர் அலுவலகத்தை ஏன் ஏற்கவில்லை என்று தெற்கிலிருந்து வரும் நண்பர்கள் கேட்பதுண்டு. 2016 இல் அதற்கான சட்டம் வந்தது, 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாதவர்களுக்குக் காணாமல்போனமைக்கான சான்றிதழும் கிடைக்கச் செய்தார்கள். காகிதத்தில் பார்த்தால் பயன் உண்டு, இலகு, தமிழிலும் உண்டு. ஆனால், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் அதை மறுத்தார்கள். அந்த முறை விளங்காமல் அல்ல, முந்தியவற்றின் முடிவு நன்றாக விளங்கியதால்தான். ஒருவர் பத்துத் தடவை கொடுத்த விபரத்துக்குப் பதில் இல்லை என்றால், பதினொராவது படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என்ன? “பரீட்சித்துப் பார்க்க முடிகிறதா” என்று ரொஜர்ஸ் கேட்டார். பரீட்சித்தாயிற்று.

மறுப்பதற்கும் விலை உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. அந்த அம்மாவுக்கு முதல் சுற்றுக் கொடுப்பனவு வரவில்லை. நாடு முழுவதும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் போனபோது அவருடையதும் போனது. அதை எழுதியது நான் அல்ல, எங்கள் பிரிவின் கிராம அலுவலர். இளம் பெண். வீட்டுக்குப் போய், திண்ணையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, மகனின் கதையை முழுவதும் கேட்டிருக்கிறார். பிறகு படிவத்தில் ஒன்று என்றே எழுதி, தனித் தாளொன்றில் மகனின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதிப் பின்னால் குத்தியிருக்கிறார். அந்தத் தாள் கணினிக்குள் போயிருக்காது. ஆனால், அம்மா கையொப்பம் வைத்தார். அந்தப் பெண் செலவழித்த ஒரு மணித்தியாலத்துக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரி இருக்காது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். டிஜிட்டல் சேவைகளை இத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று வரும் கணக்குகளைப் பார்க்கும்போது எனக்கு என் கடைக் கொப்பிதான் ஞாபகம் வரும். எங்கள் பகுதியில் அறுபது எழுபது பேரின் அடையாள அட்டை இலக்கம், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அதில் இருந்தன. வங்கியிலிருந்து வரும் ஒருதடவை இலக்கத்தைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாசிக்கத் தெரியாமல், போனையே என்னிடம் தந்துவிட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆனால், குறுஞ்செய்தி எழுதுகிறவருக்கு அது இன்னும் எட்டவில்லை. என்னை நம்பினார்கள், அவ்வளவுதான். கணக்கில் அவர்கள் “பயனாளர்கள்”. உண்மையில் பயனாளர் நான் ஒருவன். கடையை மூடிய அன்று அந்தக் கொப்பியைப் பின்வளவில் போட்டுக் கொளுத்தினேன். நான் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் யோசிப்பதுண்டு.

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய பேச்சு. 2022 மார்ச்சில் இந்தியாவோடு ஒப்பந்தம் செய்து, 300 கோடி இந்திய ரூபா நன்கொடையோடு தொடங்கிய திட்டம். முகம், பத்து விரல், இரண்டு கருவிழி எல்லாம் பதிவாகும் என்பது திட்டம். இதனால் நன்மை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் தொலைத்து, ஒவ்வொரு கந்தோரிலும் தான் தான்தான் என்று நிரூபித்துக் களைத்த சனம் நாங்கள். ஒரே இலக்கத்தில் எல்லாம் முடியும் என்றால் முதலில் பயனடைய வேண்டியவர்களும் நாங்கள்தான்.

ஆனால், செல்லடியில் கை போனவருக்கு எந்த விரல்? சன்னம் பட்டுக் கண் போனவருக்கு எந்தக் கருவிழி? இது பேச்சுக்குக் கேட்கும் கேள்வி அல்ல, என் கடைக்கு வந்துபோனவர்களிலேயே அப்படி ஐந்தாறு பேர் உண்டு. கல்லுடைப்பவர், வலை இழுப்பவர் விரலில் ரேகை தேய்ந்திருக்கும். இந்தியாவில் ஆதார் வந்தபோது கூலிவேலை செய்பவர்களின் விரலைக் கருவி அடையாளம் காணாமல் பங்கீட்டு அரிசி மறுக்கப்பட்ட முறைப்பாடுகள் எழுந்தன. 2018 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாரை நலத்திட்டங்களுக்கு அனுமதித்து, தனியார் நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்பதைத் தடுத்தது. அங்கு வழக்காடித் தெரிந்துகொண்டதை இங்கு தொடக்கத்திலேயே எழுதிவைக்கலாம்.

இங்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வருவதோ இழுபட்டது. சட்டத்தைவிட எங்கள் சனம் கேட்பது எளிமையான கேள்வி: என்ர விபரத்தை ஆமி பார்க்குமோ? சீ.ஐ.டி. பார்க்குமோ? பார்த்தால் எனக்குத் தெரியவருமோ? இதற்கு ஆம், இல்லை என்று தமிழில் ஒரு அதிகாரி கையொப்பத்தோடு பதில் தரும்வரை, எத்தனை துண்டுப்பிரசுரம் அடித்தாலும் பிரயோசனமில்லை. பதிவு எடுக்க வருபவர் சீருடை இல்லாதவராக, அந்தப் பிரிவில் தெரிந்தவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. மறுப்பவருக்குக் கொடுப்பனவை நிறுத்தமாட்டோம் என்றும் சொன்னால், கனபேர் மறுக்கவே மாட்டார்கள். கதவு திறந்திருக்கிற அறைக்குள் போக யாரும் அவ்வளவு பயப்படுவதில்லை.

போன கிழமை அந்த அம்மா வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். கண்ணைப் படம் பிடிப்பினமாம், குடுக்கிறதோ என்று கேட்டிருந்தார். உடனே என்ன சொல்வது என்று தெரியவில்லை. கிராம அலுவலரிடம் முதலில் கேளுங்கோ, நானும் கூட வாறன் என்று பதில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பதிவு வந்தது. மகனின் பழைய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி அவரிடம் இருக்கிறது, நான்தான் லமினேட் செய்து கொடுத்தேன். ஒன்பது இலக்கமும் கடைசியில் ‘வீ’ எழுத்தும்.

“புது அட்டை வந்தா, அவன்ர இந்த நம்பரை என்ன செய்வினம் தம்பி? அழிச்சுப் போடுவினமோ?”